திரையில் ஓடும் கோடு

1

2021 ஜூன். காய்ச்சல் விட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு சொல் வரவில்லை. பெரிய சொல் ஒன்றுமில்லை, 'க்யூ'. பத்து வருடமாக ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிற சொல். "அந்த... மெசேஜ் எல்லாம் வரிசையா நிக்குமே... அது நிரம்பிடுச்சு" என்றேன். யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அன்று மாலை அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பாலை வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய் மறந்துவிடுவது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் நான் அடுப்பின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். பொங்குவதைப் பார்த்தேன். அடுத்துச் செய்யவேண்டியது அடுப்பை அணைப்பது என்பது மட்டும் வந்து சேரவில்லை.

வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வரும் இந்த நிலையை ப்ரெயின் ஃபாக் என்கிறார்கள். தமிழில் மூளை மூட்டம் என்று எழுதுகிறார்கள். பொருத்தமான பெயர்தான். கொடைக்கானல் மலைப்பாதையில் பனி இறங்கிய நேரத்தில் வண்டி ஓட்டியவர்களுக்குப் புரியும். சாலை அங்கேதான் இருக்கிறது, வண்டியில் கோளாறு இல்லை, ஓட்டவும் தெரியும். பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான்.

ரத்தப் பரிசோதனை, தைராய்டு, பி12, எம்ஆர்ஐ எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையே. நல்லா தூங்குங்க, டென்ஷன் ஆகாதீங்க" என்றார் மருத்துவர். அம்மாவுக்கும் புரியவில்லை. "சிக்குன்குனியா வந்தப்போ உங்கப்பா ஆறு மாசம் நொண்டினாரு. நீ நல்லாத்தானேடா இருக்க?" என்றாள். அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. மூட்டுவலிக்காரர் நொண்டுவதைத் தெருவே பார்க்கும். மூட்டத்துக்கு நொண்டல் கிடையாது.

ஆறு மாதம் கழித்து, ஒரு நண்பர் சொல்லி நியூரோஃபீட்பேக் மையம் ஒன்றுக்குப் போனேன். தலையில் குல்லா மாதிரி ஒன்றை மாட்டி, அதன் ஓட்டைகள் வழியாகப் பிசுபிசுப்பான ஜெல்லை விட்டார்கள். எதிரே திரையில் ஒரு விமானம். மூளை அலைகள் 'சரியான' அளவில் இருந்தால் விமானம் மேலே பறக்கும், இல்லாவிட்டால் இறங்கும். கை, கால் எதையும் அசைக்கவேண்டாம். இருபது அமர்வு, ஒன்றுக்கு 2,000 ரூபாய், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி. முதல் நாள் அங்கிருந்த பெண் திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடுகளில் ஒன்றைச் சுட்டிக்காட்டி, "பாருங்க சார், ஸ்லோ வேவ்ஸ் அதிகமா இருக்கு. இதுதான் உங்க ஃபாக்" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அரை வருடமாக யாருக்கும் தெரியாமல் இருந்த ஒன்றை இதோ ஒரு கோடாகக் காட்டுகிறார்கள். அப்போதே கேட்டிருந்தால் நாற்பது அமர்வுக்கும் பணம் கட்டியிருப்பேன்.

போன மாதம், எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேண்டீனில் தனியாக வந்து கேட்டார். "அண்ணா, நீங்க அந்த மூளை மெஷினுக்குப் போனீங்களாமே, வேலை செஞ்சுதா?" அவருக்கும் காய்ச்சலுக்குப் பிறகு அதே கதை. ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அந்தக் கோட்டின் வரலாற்றைச் சொன்னால்தான் பதில் வரும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

களைத்துப்போன மூளைக்கு மின்சாரத்தில் மருந்து தேடும் ஆசை, மூளை அலைகளைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1869இல் நியூயார்க் மருத்துவர் ஜார்ஜ் பியர்ட், உடலில் வெளிப்படையாக எந்தக் கோளாறும் தெரியாமல் சோர்வு, தூக்கமின்மை, கவனமின்மை என்று வருபவர்களின் நிலைக்கு 'நியூரஸ்தீனியா' என்று பெயர் சூட்டிக் கட்டுரை எழுதினார். நரம்புத் தளர்ச்சி என்று நம் ஊர்ச் சுவர் விளம்பரங்களில் பார்க்கிறோமே, அந்தச் சொல்லுக்கு இவர் ஒரு தூரத்துச் சொந்தம்.

பியர்டுக்கு நரம்பு மண்டலம் என்பது ஒரு மின்கலம். எடிசனின் மின்விளக்குகள் பேச்சாக இருந்த காலம் அது. 1881இல் வந்த தன் புத்தகத்தில் அந்த உவமையையே பயன்படுத்தினார். ஒரு ஜெனரேட்டரில் அளவுக்கு மீறி விளக்குகளைச் சேர்த்தால் எல்லா விளக்கும் மங்கும். ரயில், தந்தி, செய்தித்தாள் என்று நவீன வாழ்க்கை மனிதனின் மேல் விளக்குகளைச் சேர்த்துக்கொண்டே போகிறது என்றார். நோய் மின்சாரக் குறைவு என்றால் மருந்து என்ன? மின்சாரம்தான். நோயாளியின் வெறும் பாதம் ஒரு மின்முனைத் தகட்டின் மேல் இருக்கும். மருத்துவர் இன்னொரு முனையைத் தலையிலும் உடலிலும் மெதுவாக நகர்த்திக்கொண்டு போவார். பலர் தேறினார்கள்.

ஏன் தேறினார்கள்? இன்று அந்த மின்கலக் கோட்பாட்டை யாரும் ஏற்பதில்லை. ஆனால் தேறியவர்கள் பொய் சொன்னார்கள் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. உன் நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது என்று ஒரு மருத்துவர் சொல்கிறார், வாரத்துக்குச் சில தடவை நேரம் ஒதுக்குகிறார், புத்தம்புதிய இயந்திரம் ஒன்றை உனக்காக இயக்குகிறார். இந்த மூன்றும் இன்றைய நியூரோஃபீட்பேக் மையத்திலும் அப்படியே இருக்கின்றன.

3

அந்தக் கோட்டை முதலில் வரைந்தவர் ஹான்ஸ் பெர்கர். ஜெர்மானியர், 1873இல் பிறந்தவர். 1890களின் தொடக்கத்தில் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு வருட ராணுவப் பயிற்சிக்குப் போயிருந்தார். ஒரு நாள் காலைப் பயிற்சியில் குதிரை மிரண்டு, பீரங்கி வண்டியின் பாதையில் விழுந்தார். சக்கரம் ஏறுவதற்குச் சற்று முன் வண்டி நின்றது. அன்று மாலை ஊரிலிருந்து அப்பாவின் தந்தி வந்தது: நலமா? அப்பா அதற்குமுன் தந்தி அடித்ததே இல்லை. தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அக்கா பிடிவாதமாகச் சொன்னதால் அடித்திருக்கிறார்.

நீங்களும் நானும் தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போவோம். பெர்கர் அதை விடவில்லை. தன் பயம் எப்படியோ அக்காவை எட்டியது என்று நம்பினார். அப்படியென்றால் மூளையில் ஒரு சக்தி இருக்கவேண்டும், அளக்கக்கூடிய சக்தி. மருத்துவம் படித்தார், மனநல மருத்துவரானார், ஜெனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முப்பது வருடம் அந்தச் சக்தியைத் தேடினார்.

விலங்குகளின் மூளையில் மின்சாரம் ஓடுவதை லிவர்பூலைச் சேர்ந்த ரிச்சர்ட் கேட்டன் 1875இலேயே காட்டியிருந்தார். அதற்கு மூளையைத் திறந்து மின்முனையை வைக்கவேண்டும். மனிதத் தலையில், தோலுக்கும் மண்டையோட்டுக்கும் மேலே அளப்பது வேறு கதை. நாம் ரிமோட்டில் போடும் பென்சில் பேட்டரி ஒன்றரை வோல்ட். தலைத்தோலில் கிடைப்பது சில பத்து மைக்ரோவோல்ட், அதாவது அந்தப் பேட்டரியின் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. பல்லைக் கடித்தால் போதும், தாடைத் தசையின் மின்சாரம் இதை மூழ்கடித்துவிடும். 1924இல் பெர்கருக்கு முதல் பதிவு கிடைத்தது. ஆனால் அது உண்மையிலேயே மூளையின் சமிக்ஞைதானா என்ற சந்தேகம் அவரைவிட்டுப் போகவில்லை. தன் மகனின் தலை உட்படத் திரும்பத் திரும்பச் சோதித்தார். கட்டுரை வெளியாக 1929 ஆயிற்று. ஐந்து வருடம்! சோதனை முடியும்முன்னே ரிலீஸ் தேதி அறிவிக்கும் தொழிலில் இருக்கும் எனக்கு இது ஒரு பாடம்.

கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது வினாடிக்குப் பத்து முறை அளவில் எழுந்து விழும் அலை, கண்ணைத் திறந்ததும் அடங்கிவிடுகிறது. அதற்கு ஆல்பா என்று பெயரிட்டார். ஆரம்பத்தில் பெரிதாக யாரும் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில், ஏற்கெனவே நோபல் பரிசு வாங்கியிருந்த எட்கர் ஏட்ரியனும் பிரையன் மேத்யூஸும் அதைச் செய்துபார்த்து உறுதிசெய்தார்கள். ஏட்ரியன் தன் தலையையே சோதனைக்குக் கொடுத்தார். அதன்பிறகுதான் ஈஈஜி உலகத்துக்கு வந்தது. வலிப்பு நோயை அறிவதில் அது செய்த, இன்றும் செய்கிற வேலைக்கு ஈடு இல்லை.

பெர்கர் தேடிய தொலைவுணர்வு மட்டும் கிடைக்கவில்லை. அந்த மைக்ரோவோல்ட் தலைக்கு வெளியே ஒரு முழம்கூடப் போகாது, இன்னொரு ஊரில் இருக்கும் அக்காவை எப்படி எட்டும்?

பெர்கரின் கதையை இத்தோடு நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் நாஜி ஆட்சியில் அவர் மரபுநல நீதிமன்றத்தில் பங்கேற்றார் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஆவணங்களிலிருந்து எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். மனநோயாளிகளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய உத்தரவிட்ட நீதிமன்றங்கள் அவை. 1941இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். இன்னொருவரின் வேதனை எப்படி நம்மை எட்டுகிறது என்று வாழ்நாள் முழுக்க யோசித்த மனிதர், எதிரே இருந்த நோயாளிகளின் விஷயத்தில் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். கருவி கிடைத்துவிட்டால் புரிதலும் கூடவே வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

4

இப்போது லண்டனுக்குப் போவோம். கோடு கிடைக்காத நோயாளிகளுக்கு என்ன நடக்கும் என்பதற்கு அங்கே ஒரு கதை இருக்கிறது.

1955 ஜூலை நடுவில் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் நோயுற்றார்கள். நவம்பர் முடிவதற்குள் ஊழியர்களில் 292 பேருக்கு அது வந்துவிட்டது. தொண்டைவலி, தலைவலி, கழுத்துவலி, தசை பலவீனம், பிறகு விலகாத சோர்வு, ஞாபகக் குறைவு. மருத்துவமனையையே மூடவேண்டி வந்தது. ஆச்சரியம் என்னவென்றால், ஏற்கெனவே படுக்கையில் இருந்த நோயாளிகளில் பன்னிரண்டு பேருக்குத்தான் இது வந்தது. எந்தக் கிருமி என்று சோதனைகளில் பிடிபடவில்லை. அடுத்த வருடம் லான்செட் இதழின் தலையங்கம் ஒன்று இதை மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ் என்று அழைத்தது. எம்ஈ என்று இன்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான்.

1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள், மெக்இவெடி, பியர்ட் (நம் நியூயார்க் பியர்டுக்குச் சொந்தம் இல்லை, பெயர் ஒற்றுமைதான்) பழைய கேஸ் ஷீட்களை எடுத்துப் படித்தார்கள். நோயாளிகளை நேரில் பார்க்கவில்லை. இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். அவர்கள் காட்டிய காரணங்களில் முக்கியமான ஒன்று: பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நர்ஸ் விடுதிகள் நிறைந்த மருத்துவமனையில் வேறு யார் இருப்பார்கள் என்று கேட்கத் தோன்றும். அங்கே தொற்றுநோய் மருத்துவராக இருந்து இந்த நோயாளிகளை நேரில் கவனித்த மெல்வின் ராம்சே, அது உண்மையான நோய் என்று 1990இல் சாகும்வரை எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் 'ஹிஸ்டீரியா' என்ற சொல் அவருடைய கட்டுரைகளைவிட வேகமாக ஓடியது.

கோடு வரவில்லை, அதனால் நோய் இல்லை. இதுதான் முதல் தவறு. பல்லாயிரம் பேர் இதன் விலையைக் கொடுத்தார்கள். "கொஞ்சம் கொஞ்சமா உடற்பயிற்சியைக் கூட்டுங்க, சரியாயிடும்" என்பது இவர்களுக்குப் பல காலம் சொல்லப்பட்ட அறிவுரை. உழைப்புக்கு மறுநாள் நிலைமை மோசமாவதுதான் இந்த நோயின் முக்கிய அடையாளம் என்று நோயாளிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு அந்தப் படிப்படியான பயிற்சிச் சிகிச்சையைத் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கியது 2021இல்தான்.

5

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிரானது. அது அமெரிக்காவில் நடந்தது.

1958 வாக்கில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜோ கமியா என்ற உளவியலாளர் ஒரு எளிய சோதனை செய்தார். ஒருவரை இருட்டறையில் கண்மூடி உட்காரவைத்து, தலையில் மின்முனைகளைப் பொருத்தினார். அவ்வப்போது ஒரு மணி அடிக்கும். அந்த நொடியில் உன் மூளையில் ஆல்பா ஓடியதா, இல்லையா? ஊகித்துச் சொல்லவேண்டும். சரியா, தவறா என்று கமியா உடனே சொல்லிவிடுவார். முதல் நாள் பூவா தலையா கணக்குத்தான். சில நாட்களில் சிலர் பெரும்பாலும் சரியாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். எப்படித் தெரிகிறது என்று கேட்டால் அவர்களுக்கு விளக்கத் தெரியவில்லை. அடுத்த கட்டத்தில் ஆல்பா ஓடும்போது ஒரு ஒலி கேட்கும்படி செய்தார். அந்த ஒலியை நீட்டவும் நிறுத்தவும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அளப்பது, உடனே காட்டுவது, காட்டியதை வைத்து மாற்றிக்கொள்வது. நான் பார்த்த விமானத்தின் மொத்தத் தத்துவமும் இந்த வட்டம்தான்.

1968இல் கமியா இதைப் பற்றி ஒரு வெகுஜன உளவியல் இதழில் எழுதினார். காலம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். தில்லி எய்ம்ஸில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் மூவரும் யோகிகளின் ஈஈஜியை எடுத்து, தியானத்தில் ஆல்பா மேலோங்கி இருப்பதாக 1961இலேயே வெளியிட்டிருந்தார்கள். ஜப்பானில் ஜென் துறவிகளிடம் கசமட்சுவும் ஹிராயும் அதுபோன்ற அலைகளைப் பதிவுசெய்திருந்தார்கள். ஹிப்பிகளின் அமெரிக்கா இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டது. யோகிக்கு ஆல்பா அதிகம், இந்தக் கருவி ஆல்பாவை அதிகமாக்கும், அப்படியானால் இந்தக் கருவி என்னை யோகியாக்கும். வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆல்பா கருவிகள் விற்பனைக்கு வந்தன. இருபது வருடத் தவத்துக்குக் குறுக்குவழி கிடைத்தால் யார்தான் வாங்கமாட்டார்கள்?

1973இல் பாஸ்கெவிட்ஸ், ஆர்ன் இருவரும் சயின்ஸ் இதழில் ஒரு சின்னச் சோதனையை வெளியிட்டார்கள். முழு இருட்டில் பயிற்சி கொடுத்தால், சும்மா ஓய்வாக இருக்கும்போது உள்ள அளவைவிட ஆல்பா கூடவில்லை. வெளிச்சம் இருந்தால் மட்டுமே பயிற்சியில் ஆல்பா ஏறுவது போலத் தெரிந்தது. காரணம் எளிது. வெளிச்சத்தில் கண் எதையாவது பார்க்கும். பார்த்தால் ஆல்பா அடங்கும். மக்கள் கற்றுக்கொண்டது பெரும்பாலும் எதையும் உற்றுப் பார்க்காமல் இருப்பதை. பெர்கர் 1929இல் எழுதியதுதான் இது. அமைதியும் பேரின்பமும் அலையிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. எதிர்பார்ப்பும், இருட்டறையில் அரைமணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாமல் உட்கார்ந்திருந்ததும் அதில் பெரும் பங்கு வகித்திருக்கவேண்டும்.

கோடு அசைந்தது, அதனால் குணம். இது இரண்டாவது தவறு.

6

அப்படியானால் எல்லாமே ஏமாற்றா? அப்படிச் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். பூனைகள் குறுக்கே வந்தன.

1960களில் லாஸ் ஏஞ்சலஸில் பாரி ஸ்டெர்மன் என்ற ஆய்வாளர் தூக்கத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். பசித்த பூனை ஒரு நெம்புகோலை அழுத்தினால் பாலும் கோழிச் சாறும் கலந்த தீனி கிடைக்கும். பிறகு ஒரு ஒலியைச் சேர்த்தார். ஒலி கேட்கும்வரை அழுத்திப் பயனில்லை, நின்றதும் அழுத்தினால் தீனி. காத்திருந்த பூனைகள் உடலை அசைக்காமல், ஆனால் முழுக் கவனத்தோடு உட்கார்ந்திருந்தன. எலிப் பொந்தின் வாசலில் உட்கார்ந்திருக்கும் பூனையைப் பார்த்திருப்பீர்களே, அதே நிலை. அப்போது மூளையின் இயக்கப் பகுதிக்கு மேலே வினாடிக்குச் சுமார் 12 முதல் 15 முறை துடிக்கும் ஒரு லயம் தெரிந்தது. அந்த லயம் வந்தாலே தீனி என்று மாற்றினார். பூனைகள் அதை வேண்டும்போது வரவழைக்கக் கற்றுக்கொண்டன.

பிறகு ராக்கெட் எரிபொருள் ஒன்றின் நச்சுத்தன்மையை ஆராயும் வேலை அவரிடம் வந்தது. ஹைட்ரசின் வகைச் சேர்மம், அளவு கூடினால் வலிப்பு வரும். சோதனைப் பூனைகளில் சில, பழைய பயிற்சியில் இருந்தவை. மற்ற பூனைகளுக்கு வலிப்பு வந்த அளவில் இவற்றுக்கு வலிப்பு வரத் தாமதமாயிற்று, சிலவற்றுக்கு வரவே இல்லை. அந்தப் பூனைகளை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வரலாறு முழுவதிலும் எனக்கு அதிக நம்பிக்கை தரும் சாட்சி அவைதான். பூனைக்கு விளம்பரம் படிக்கத் தெரியாது. இருபது அமர்வுக்குப் பணம் கட்டிவிட்டோமே என்ற நினைப்பும் அதற்கு இல்லை.

1972இல் வலிப்பு நோயுள்ள 23 வயதுப் பெண்ணுக்கு இதே பயிற்சியைக் கொடுத்ததில் வலிப்புகள் வெகுவாகக் குறைந்ததாக ஸ்டெர்மன் எழுதினார். அவர் பிறகு ஓட்டுநர் உரிமமே வாங்கினார். டென்னசியில் ஜோயல் லூபர் 1976இல் அதை மிகைத்துடிப்புள்ள குழந்தைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து கவனக்குறைவு, தூக்கமின்மை, பதற்றம், ஒற்றைத் தலைவலி என்று பட்டியல் நீண்டுகொண்டே வந்து, இப்போது காய்ச்சலுக்குப் பிந்தைய மூட்டம்வரை வந்திருக்கிறது. பூனைகள் காட்டியது ஒரு குறிப்பிட்ட லயத்துக்கும் வலிப்புக்கும் உள்ள உறவை. பட்டியலில் பிறகு சேர்ந்த பெயர்களுக்காகப் பூனைகள் ஜாமீன் போடவில்லை.

7

மனிதர்களிடம் சோதிப்பது எப்படி? ஒரு குழுவுக்கு அவரவர் மூளை அலையை வைத்து விமானத்தை ஓட்டவேண்டும். இன்னொரு குழுவுக்கு அதே குல்லா, அதே ஜெல், அதே விமானம்; ஆனால் விமானத்தை ஓட்டுவது முன்பே பதிவுசெய்த வேறொருவரின் அலை. யார் எந்தக் குழு என்று பயிற்சி கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது.

சால்ஸ்பர்க்கில் மானுவேல் ஷாபுஸ் குழு தூக்கமின்மை உள்ளவர்களிடம் உண்மைப் பயிற்சியையும் போலிப் பயிற்சியையும் ஒப்பிட்டுப் பார்த்து 2017இல் வெளியிட்டது. இரண்டு பயிற்சியிலும் தூக்கம் மேம்பட்டதாக அவர்கள் சொன்னார்கள். உண்மைப் பயிற்சி போலிப் பயிற்சியை முந்தவில்லை. 2021இல் அமெரிக்காவில் கவனக்குறைவுள்ள 144 குழந்தைகளிடம் நடந்த இரட்டை மறைவுச் சோதனை வெளியாயிற்று. ஆளுக்கு 38 அமர்வுகள். இரண்டு குழுவுமே நன்றாக மேம்பட்டது, 13 மாதம் கழித்தும் அந்த மேம்பாடு நின்றது. முக்கிய அளவீட்டில் இரண்டுக்கும் இடையே சொல்லும்படி வித்தியாசம் இல்லை. மாண்ட்ரியாலில் ராபர்ட் திபோவும் அமீர் ராஸும் இதையெல்லாம் தொகுத்து, பலன் உண்மை, ஆனால் அதில் பெரும் பகுதி எதிர்பார்ப்பு, அக்கறை, சடங்கு ஆகியவற்றிலிருந்து வருகிறது என்று வாதிட்டார்கள்.

கோவிடுக்குப் பிந்தைய மூட்டத்துக்கு என்று தனியான ஒரு மூளை அலை இருப்பதாக இதுவரை நிறுவப்படவில்லை. 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் கொடுத்த வரையறை முழுக்க முழுக்க நோயாளி சொல்லும் அறிகுறிகளை வைத்தது. தொற்று தொடங்கி மூன்று மாதத்துக்குப் பிறகும் இருப்பவை, குறைந்தது இரண்டு மாதம் நீடிப்பவை, வேறு காரணத்தால் விளக்கமுடியாதவை. 'லாங் கோவிட்' என்ற பெயரையே ஒரு நோயாளிதான் 2020 மே மாதம் ட்விட்டரில் முதலில் எழுதினார்.

அதற்காக இது மனப்பிரமை என்று ஆகிவிடாது. பிரிட்டனில் ஏற்கெனவே மூளை ஸ்கேன் எடுத்திருந்த 785 பேருக்கு மறுபடி எடுத்துப்பார்த்தார்கள். இடைப்பட்ட காலத்தில் 401 பேருக்குக் கோவிட் வந்திருந்தது, பெரும்பாலோருக்கு லேசாகத்தான். 2022இல் நேச்சரில் வெளியான அந்த ஆய்வில், தொற்றியவர்களின் மூளையில் சில பகுதிகள் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகச் சுருங்கியிருந்தன. முன்னால் எடுத்த படம் இருந்ததால்தான் வித்தியாசம் தெரிந்தது. என் எம்ஆர்ஐ 'நார்மல்' என்று வந்ததே, அதற்கு முன்னால் எடுத்த என் மூளையின் படம் யாரிடம் இருக்கிறது?

அமெரிக்க அரசின் ரெக்கவர் திட்டம், மூட்டம் உள்ளவர்களிடம் கணினி வழி மூளைப் பயிற்சியையும், தலையில் மெல்லிய மின்னோட்டம் செலுத்துவதையும் சோதித்தது. 2025இல் வெளியான முடிவில், எல்லாக் குழுவும் ஓரளவு மேம்பட்டது, எந்தச் சிகிச்சையும் மற்றதை முந்தவில்லை. நியூயார்க் பியர்டின் தகட்டிலிருந்து ஒன்றரை நூற்றாண்டு தள்ளி வந்துவிட்டோம். மூட்டத்துக்குத் தனிச் சாவி இன்னும் கிடைக்கவில்லை.

8

சரி, எனக்கு என்ன ஆயிற்று? இருபது அமர்வும் போனேன். முதல் நாள் அந்தப் பெண் காட்டிய மெதுவான அலைகளைப் பற்றிப் பிறகு யோசித்தேன். முந்தின இரவு நான் நாலு மணி நேரம்தான் தூங்கியிருந்தேன். தூக்கக் கலக்கத்தில் யாருக்கும் மெதுவான அலைகள் கூடும். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னார். கோடும் பொய் சொல்லவில்லை. 'இதுதான் உங்க ஃபாக்' என்ற அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் எங்கிருந்தும் வராத வாக்கியம்.

மெல்ல மெல்லத் தேறினேன். பத்தாவது அமர்வு வாக்கில் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் முழுதாகப் படிக்க முடிந்தது. ஆனால் அதே மாதங்களில் இரவு நேர டிப்ளாய்மென்ட் வேலையை விட்டிருந்தேன், பத்து மணிக்குத் தூங்கினேன், ஒரு நாள் அதிகம் செய்தால் மறுநாள் படுத்துவிடுகிறேன் என்று கண்டுபிடித்து வேலையைத் துண்டுதுண்டாகப் பிரித்துக்கொண்டேன். காய்ச்சலும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஐந்து இடத்தில் கோடை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, இந்த ஒரு மாற்றத்தால்தான் பக் சரியாயிற்று என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் அந்த ரிவியூவை அங்கேயே நிறுத்திவிடுவேன். என் தலை விஷயத்தில் மட்டும் எப்படி ஒப்புக்கொள்வது?

ஒன்றைச் சொல்லவேண்டும். எனக்கு ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் இல்லை, திருநெல்வேலியில் இருக்கும் அக்கா. காய்ச்சல் விட்ட இரண்டாம் வாரமே போன் செய்தாள். "உன் வாய்ஸ் நோட்ல வார்த்தைக்கு நடுவுல இடைவெளி விழுதேடா. என்ன பண்ணுது உனக்கு?" நான் ஒன்றுமில்லை என்று சமாளித்தேன். அவள் நம்பவில்லை. பெர்கர் கதையைப் படித்தபோது அவளைத்தான் நினைத்துக்கொண்டேன். இதில் தொலைவுணர்வு எதுவும் இல்லை, முப்பது வருடமாக என் பேச்சைக் கேட்டவளுக்கு வித்தியாசம் தெரிந்தது. பிரிட்டன் ஆய்வில் சொன்ன அந்த 'முன்னால் எடுத்த படம்' அவளிடம் இருந்தது.

கேண்டீனில் கேட்ட தம்பிக்கு அடுத்த நாள் பதில் சொன்னேன். "போனா தேறலாம். ஆனா மெஷினாலதான் தேறுவேன்னு நினைச்சுப் போகாதே. கடன் வாங்கிப் போகாதே. உன் கோடு இப்படி இருக்கு, அதான் உனக்கு நோய்னு சொன்னா நம்பாதே. கோடு நார்மல், அதனால உனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னா அதையும் நம்பாதே. முதல்ல டாக்டர்கிட்ட போயி வேற காரணம் எதுவும் இல்லைன்னு பார்த்துக்கோ. முடியாதப்போ முடியலைன்னு சொல்லு, இழுத்துப்பிடிச்சு செய்யாதே. உன் டிக்கெட்ல பாதிய நான் பார்த்துக்கறேன்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அண்ணா, நான் சொன்னதை நீங்க நம்பறீங்களா?" என்று கேட்டார்.

நம்புகிறேன் என்றேன்.